கோடு போட்ட பிறகு கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

ஏற்காடு மலையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. நான் சேலத்தில் எம்.ஏ. படிக்கிறேன். அம்மா எஸ்டேட்டில் காபி பறிக்கப் போகிறவர். 2019 தேர்தலில் பெண்கள் வார்டில் நின்று ஊராட்சி உறுப்பினரானார். ஆனால் ஐந்து வருடமும் கூட்டத்துக்குப் போனது அப்பாதான். தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், அம்மா கையெழுத்துப் போடுவார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படியென்றால் 50 சதவீத ஒதுக்கீட்டால் என்ன பயன்? நாடாளுமன்றத்தில் 33 சதவீதம் வந்தால் மட்டும் மாறிவிடுமா?

ச.

அன்புள்ள ச.,

நாடாளுமன்றத்தை விடுங்கள். 2023இல் சட்டம் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறை என்று அதிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அதைப் பிறகு பேசலாம். ‘நோட்டு வீட்டுக்கு வரும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக எனக்கும் அந்த நோட்டின் நினைப்புதான்.

முதலில் ஒன்று. ‘அவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கோடையில் எந்த ஊற்று முதலில் வற்றும், எந்தத் தெருவிளக்கு மாசக்கணக்கில் எரியவில்லை, எந்தக் கிழவிக்கு உதவித்தொகை நின்றுபோனது, இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பாதி தெரிந்தாலே அதிகம். ஊராட்சி வேலை என்பது இதுதான். எம்.ஏ. படிக்கிற பெண் இதைப் படிப்பாக எண்ணவில்லை என்பது எனக்கு வருத்தம்.

1996இல் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டோடு இங்கே முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மலையடிவாரத்தில் எங்கள் ஊரில் என் அத்தை உறுப்பினரானார். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தவர். அவருடைய அப்பா, கடன் வாங்கிய இடத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு ஏக்கர் காட்டை இழந்தவர். முதல் கூட்டத்துக்குப் பிறகு தீர்மான நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தின் மேல்பாதி காலி, கீழே வரிசையாகக் கையெழுத்துகள். “மேல என்ன எழுதுவீங்க?” என்று கேட்டார். “அது அப்புறம் எழுதிக்கலாம்ங்க” என்று பதில் வந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவரே போனார். எழுதியதை வாசிக்கச் சொல்லி, கடைசி வரிக்குக் கீழே பேனாவால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு இழுத்து, அதை ஒட்டித் தன் பெயரை எழுதினார். ஐந்து வருடமும் அப்படித்தான். மாமாவுக்கு அவமானமாக இருந்தது. பத்து நாள் பேசவில்லை. அத்தை சோறு போட்டார், பேச்சை எதிர்பார்க்கவில்லை.

ஒதுக்கீடு நாற்காலியைத் தரும். நோட்டில் என்ன ஏறுகிறது என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் பார்க்க வேண்டும். பெண்கள் கேட்டது நோட்டில் ஏறாவிட்டால் அவர்கள் கேட்டதாகவே கணக்கில்லை. நாளைக்கு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் காட்ட ஒரு வரி இருக்காது. எழுது, வாசி, அப்புறம் கையெழுத்து. இதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பார்த்தாலே ஓடுகிறவர்கள் உண்டு. பரவாயில்லை, இன்னும் சொல்வேன்.

அம்மாவின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. கிராம சபைக்கு அப்படி முடிவே கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள், நீங்களும்தான். ஆகஸ்ட் 15க்கு ஊருக்குப் போயிருப்பீர்களே, சபையில் உட்கார்ந்தீர்களா? வருடத்தில் ஆறு நாள் சபை. மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் எஸ்டேட்டுக்கு விடுமுறை இல்லை. நவம்பரில் பறிப்பு வேறு தொடங்கிவிடும். கூலியை விட்டுவிட்டு உங்கள் அம்மா மாதிரிப் பெண்கள் பகலில் எப்படி வருவார்கள்? சாயங்காலம் வைக்கச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் சபை நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை நிறைந்துவிடும். அதில் பாதியைப் பறிப்புக்குப் போகும் பெண்களே நிரப்பிவிடலாம்.

அதற்கு முன், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்த ஐந்து வருடத் தீர்மானங்களுக்கு நகல் கேளுங்கள். வந்ததும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசியுங்கள். எதற்குத் தன் கையெழுத்து போயிருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். அப்பாவும் கூட இருக்கட்டும். “இதை நான் ஒத்துக்கிட்டதே இல்லையே” என்று அம்மா சொல்கிற இடங்களைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.