பிடித்தது எது?

'பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறேன். தோழிகள் எல்லோரும் தங்கள் கஷ்டத்தை என்னிடம்தான் சொல்வார்கள். அதனால் உளவியல் படிக்க ஆசை. ஆனால் எனக்குக் கணக்கு நன்றாக வருகிறது, கணினி அறிவியல் படி என்கிறார் அப்பா. பிடித்ததைப் படிப்பதா, வருவதைப் படிப்பதா?'

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்குப் பிடித்தது உளவியலா, தோழிகள் பேசக் கேட்பதா? இரண்டும் ஒன்றல்ல.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வகம் அமைத்தார். அங்கே யாரும் யாருடைய சோகத்தையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு சத்தம் காதில் விழுந்ததும் கை அசைய எவ்வளவு நேரமாகிறது என்று நொடியைத் துண்டு போட்டு அளந்துகொண்டிருந்தார்கள். அந்த வாசனை இன்றும் போகவில்லை. பட்டப்படிப்பில் புள்ளியியல் உண்டு, ஆய்வு முறைகள் உண்டு, மூளையும் நரம்பும் உண்டு. ஒருவர் எதிரே உட்கார்ந்து ஆலோசனை சொல்வதெல்லாம் பெரும்பாலும் முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் முடிந்த பிறகுதான்.

பயமுறுத்தவில்லை. உளவியலில் சேர்ந்தவர்கள் பலர் தடுக்கி விழுவது புள்ளியியலில். உங்களுக்கோ கணக்கு வரும்! அப்பா எதிர்ப்புக்குக் காட்டிய காரணமே உங்கள் பக்கம் வந்து நிற்கிறது, பாருங்கள்.

கணினி அறிவியலையும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எழுதிய நிரலில் எங்கே தப்பு என்று மணிக்கணக்கில் தேடுவது அங்கே அன்றாட வேலை. சிலருக்கு அது புதிர் விடுவிப்பது மாதிரி, சிலருக்குத் தலைவலி. நீங்கள் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை இரண்டு படிப்புகளுக்கும் எடுங்கள். முதலாண்டை விடுங்கள், பெரும்பாலும் அறிமுகப் பாடங்கள்தான். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளைப் படியுங்கள். அப்புறம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உளவியல் அறிமுகமும் அதில் இருக்கிறது. ஒரு வகுப்பை முழுதாகப் பாருங்கள், கூடவே வீட்டுப்பாடத்தையும் செய்யுங்கள். சுவையான பகுதி எல்லோருக்கும்தான் பிடிக்கும். எந்தப் படிப்பின் சலிப்பான பகுதியை முணுமுணுத்துக்கொண்டாவது செய்து முடிக்கிறீர்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இரண்டுமே இழுக்கிறது என்றால், மனம் எப்படி அறிகிறது, சிந்திக்கிறது என்று ஆராயும் அறிதல் அறிவியல், மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் மனித-கணினி ஊடாட்டம் என்று நடுவில் துறைகள் இருக்கின்றன. பின்னால் தடம் மாறவும் வழி உண்டு. விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, உயிரியலை அடிப்படையிலிருந்து படிக்கப் போனார். 2009இல் நோபல் கிடைத்ததோ வேதியியலுக்கு! ஆனாலும் தடம் மாறினால் சில வருடங்கள் செலவாகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, அப்பாவிடம் எப்படிப் பேசுவது? வாதாட வேண்டாம். உளவியல் பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். நானாக இருந்தால் புள்ளியியல் இருக்கும் பக்கத்தை முதலில் வைப்பேன்.