நிறுத்தும்போது வெடிக்கும் பூச்சு

கேள்வி: வாயுச் சுழலியிலிருந்து (சூடான வாயுவால் சுழலும் இயந்திரம்) கழற்றிய அலகு (சுழலும் தகடு) ஒன்றை எங்கள் விரிவுரையாளர் வகுப்பில் காட்டினார். அரிப்பு எதுவும் இல்லை. ஆனால் காற்றை எதிர்கொள்ளும் விளிம்பில், உலோகப் பூச்சின்மேல் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. காப்பதற்காகப் பூசியதே முதலில் வெடிப்பது ஏன்? இன்னும் தடிப்பாகப் பூசினால் தீராதா?
– பொறியியல் மாணவர், கிளிநொச்சி

பதில்: தடிப்பாகப் பூசுவதால் தீராது, பெரும்பாலும் நிலைமை மோசமாகும். அலகு நிக்கல் கலப்புலோகத்தால் ஆனது. அதன்மேலுள்ள பூச்சில் இருக்கும் அலுமினியம், சூட்டில் ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. அலுமினியம் கூடினால் இந்தக் காவல் நீடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதே அலுமினியம்தான் பூச்சை நொறுங்கும் தன்மையுள்ளதாக்குகிறது. அலுமினியம் நிறைந்த நிக்கல் அலுமினைட்டுப் பூச்சு (நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த சேர்மம்), ஏறத்தாழ 600 முதல் 750 பாகை செல்சியசுக்கு மேலே இழுபட்டு வளைந்துகொடுக்கும். அதற்குக் கீழே நூற்றில் ஒரு பங்கு நீட்சியைக்கூடத் தாங்காமல் வெடிக்கும். நிக்கல் அல்லது கோபால்ட்டோடு குரோமியம், அலுமினியம், சிறிதளவு இட்ரியம் சேர்த்துத் தெளிக்கப்படும் பூச்சுகளில் அலுமினியம் குறைவாதலால், அவை வளைந்துகொடுக்கத் தொடங்கும் எல்லை வெப்பநிலையும் தாழ்வாகவே இருக்கும்.

இயந்திரம் சீராக ஓடும்போது ஆபத்து குறைவு. சூடேறும் வேளையில் விரிய முயலும் மேற்பரப்பை உள்ளுலோகம் அமுக்கிப் பிடிக்கிறது. உச்ச வெப்பத்தில் அந்த அமுக்கம் மெல்லத் தளர்ந்துவிடும். நிறுத்தும்போது விளிம்பு முந்திக் குளிர்ந்து சுருங்க, இன்னும் சூடாயிருக்கும் உட்பகுதி அதை விடாமல் இழுக்கிறது. வற்றிய குளத்தில், அடிச்சேறு ஈரமாயிருக்க மேற்சேறு காய்ந்து பிளப்பதும் இவ்வாறே. இழுவிசை உச்சமடையும் நேரமும் பூச்சு நொறுங்கும் நிலைக்கு இறங்கும் நேரமும் ஒன்றாக வருவதே நீங்கள் கண்ட மயிரிழை வெடிப்புகளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

பூச்சின் தடிப்பு வழக்கமாக ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கும். அதைக் கூட்டினால், உண்டாகும் வெடிப்பும் அந்த அளவுக்கு ஆழமாகி, அலகின் உடலுக்குள் எளிதாகப் புகும். மேலும், சுமை தாங்காத அந்த மேலதிக எடையையும் சுழலும் அலகின் அடிப்பகுதியே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அந்த அலகைக் குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியுமா என்று விரிவுரையாளரிடம் கேளுங்கள். வெடிப்பு பூச்சோடு நின்றுவிட்டதா, உள்ளுலோகத்துக்குள் இறங்கி நுனியில் ஒட்சைட்டு நிரம்பியிருக்கிறதா என்பதே முக்கியம். அது எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதோடு, எத்தனை தடவை நிறுத்தி இயக்கப்பட்டது என்பதையும் கட்டாயம் விசாரியுங்கள்.