ரெஸ்லிங்கில் எது கதை, எது நிஜம்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நேராகவே கேட்கிறேன். ரெஸ்லிங் எல்லாமே பொய்தானா?

யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும் தம்பி. அதை முடிவு செய்பவரை புக்கர் என்பார்கள். ஆட்டம் எப்படி முடிய வேண்டும், நடுவில் வரும் பெரிய கட்டங்கள் எவை என்பதை ஆடும் இருவரும் பேசி வைத்துக்கொள்வார்கள். மற்றதை மேடையிலேயே காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு போவதும் உண்டு.

ஆனால் விழுவது விழுவதுதான். இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அப்புறம் கேன்வாஸ், அவ்வளவுதான் மேடை. 2001 மே மாதம் ஓர் ஆட்டத்தின் நடுவில் டிரிபிள் எச் என்ற வீரரின் தொடைத் தசை கிழிந்தது. அந்தக் காலோடுதான் அவர் ஆட்டத்தை முடித்தார். முடிவு எழுதப்பட்டது, காயம் எழுதப்படாதது. "பொய்" என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டையும் போட்டு மூடுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ரத்தம் சாயம்தானே சார்?

பெரும்பாலும் நிஜ ரத்தம். மணிக்கட்டு டேப்புக்குள் சின்ன பிளேடுத் துண்டை ஒளித்து வைத்து, கேமரா கவனிக்காத நேரத்தில் நெற்றியைக் கீறிக்கொள்வார்கள். வியர்வையோடு கலக்கும்போது இன்னும் அதிகமாகத் தெரியும். 2008-க்குப் பிறகு, அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ. குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சியாக மாறியதும் இந்தப் பழக்கம் அங்கே வெகுவாகக் குறைந்தது. நல்லதுதான்.

கேள்வி: அண்டர்டேக்கரும் கேனும் கூடப்பிறந்தவர்களா?

இல்லை, கதையில்தான் அண்ணன் தம்பி. நிஜத்தில் மார்க் கேலவே, க்ளென் ஜேக்கப்ஸ் என்ற இரு வேறு மனிதர்கள். கேன் பின்னாளில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ் கவுன்டி மேயராகவும் ஆனார்.

கேள்வி: அந்தக் காலத்தில் இதையெல்லாம் எப்படி மறைத்தார்கள்?

மேடைக் கதையை வெளியிலும் நிஜம்போலக் காப்பாற்றும் வழக்கத்துக்கு கேஃபேப் என்று பெயர். எதிரிகளாக ஆடுபவர்கள் ஒன்றாகச் சாப்பிடக்கூட மாட்டார்கள். 1984-ல் "இது போலி என்று நினைக்கிறேன்" என்று சொன்ன தொலைக்காட்சி நிருபர் ஜான் ஸ்டாசலை டேவிட் ஷுல்ட்ஸ் என்ற வீரர் கேமரா முன்பே அறைந்து தள்ளினார். 1987-ல் மேடையில் பரம எதிரிகளான ஜிம் டகனும் அயர்ன் ஷேக்கும் ஒரே காரில் போய் நியூ ஜெர்சி போலீசிடம் பிடிபட்டார்கள். காரில் போதைப்பொருள் இருந்ததைப் போலவே, இருவரும் சேர்ந்து போனதும் பெரிய செய்தியானது. இருவருக்கும் வேலை போனது.

கடைசியில் ரகசியத்தை உடைத்தது பணம். மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபட, இது பொழுதுபோக்குதான், போட்டி அல்ல என்று 1989-ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் அன்றைய முதலாளி வின்ஸ் மெக்மேனின் நிறுவனமே நியூ ஜெர்சி செனட்டில் ஒப்புக்கொண்டது.

கேள்வி: மான்ட்ரியல் சம்பவம் உண்மையா, அதுவும் செட்டப்பா?

என் கருத்தில் உண்மை. 1997 நவம்பர் 9, கனடாவின் மான்ட்ரியலில் சர்வைவர் சீரிஸ் என்ற நிகழ்ச்சி. சாம்பியன் பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகப்போகிறார். தன் சொந்த நாடான கனடாவில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க அவருக்கு மனமில்லை. ஒப்பந்தத்தின் கடைசி 30 நாட்களில் தன் பாத்திரத்துக்கு என்ன நடக்க வேண்டும் என்பதில் கருத்துச் சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது. ஆட்டம் யாருக்கும் வெற்றியில்லாமல் கலைந்துபோகும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

நடந்தது வேறு. பிரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை ஷான் அவர் மேலேயே போட்டார். பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை. மேடையோரம் நின்ற வின்ஸ் மணியை அடிக்கச் சொன்னார், நடுவர் எர்ல் ஹெப்னரும் ஆட்டத்தை முடித்தார். பிரெட் வின்ஸ் முகத்தில் துப்பினார், அப்புறம் உடை மாற்றும் அறையில் குத்தும் விட்டார். அதுவரை பெரும்பாலும் வர்ணனையாளராகவே தெரிந்த வின்ஸ், தன் மேல் ரசிகர்களுக்கு வந்த வெறுப்பை முதலாக வைத்து "மிஸ்டர் மெக்மேன்" என்ற கொடுமைக்கார முதலாளியாக மேடை ஏறினார். நிஜத் துரோகம் கதைக்குத் தீனியானது. பிரெட் ஷானோடு 2010-ல்தான் மேடையில் கைகுலுக்கினார். நாடகத்துக்காக ஒருவர் 12 வருடம் இந்தக் கசப்பைச் சுமக்கமாட்டார்.

கேள்வி: சொந்த வாழ்க்கையைக் கதையாக்குவது சரியா?

சம்பந்தப்பட்டவர்கள் மனதார ஒப்புக்கொண்டால் அது அவர்கள் விருப்பம். 2005-ல் மேட் ஹார்டி என்ற வீரரின் காதலியும் வீராங்கனையுமான லீட்டா, எட்ஜ் என்ற இன்னொரு வீரரோடு பழகிய விஷயம் வெளியே வந்தது. அது நிஜம். மேட்டை வேலையிலிருந்தும் எடுத்தார்கள். ரசிகர்கள் அரங்கில் மேட் பெயரைச் சொல்லிக் கத்தியதும், மறுபடி சேர்த்து, அத்துமீறி நுழைந்தவர்போல எட்ஜைத் தாக்க வைத்தார்கள். பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாரா வாரம் அரங்கமே கூடி லீட்டாவை அசிங்கமாக ஏசியது. அது பாத்திரத்தின் மேல் விழுந்த வசவு அல்ல, அந்தப் பெண் மேலேயே விழுந்தது. அதை என்னால் ரசிக்க முடியவில்லை.

கேள்வி: நிஜமாகவே அடிபட்டால் நமக்கு எப்படித் தெரியும்?

நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்டினால் நிஜக் காயம் என்று அர்த்தம். அதையும் சில சமயம் கதைக்குள் பயன்படுத்திவிட்டார்கள், அதுதான் ஆபத்து.

1999 மே 23-ல் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட் கன்சாஸ் சிட்டி அரங்கில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது, கொக்கி விடுபட்டுச் சுமார் 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கு அவர் இறந்ததைச் சொல்லவே இல்லை, நிகழ்ச்சியும் தொடர்ந்து நடந்தது. அன்று நிறுத்தியிருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கேள்வி: ஐயா, என் பத்து வயதுப் பையன் இதைப் பார்த்துவிட்டுத் தம்பி மேல் குதிக்கிறான். என்ன சொல்லி நிறுத்துவது?

பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. பொய்யென்றால் வலிக்காது என்றுதான் பிள்ளை புரிந்துகொள்வான். அடி வாங்குபவரும் அடிப்பவரோடு ஒத்துழைக்கிறார், எப்படி விழுவது என்று இருவரும் வருடக்கணக்கில் பழகியவர்கள் என்று சொல்லுங்கள். அப்படிப் பழகியும் தப்பு நடக்கும். 1997 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் போட்ட பைல்டிரைவரில், அதாவது ஆளைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் அடியில், ஸ்டீவ் ஆஸ்டின் என்ற வீரரின் தலை தரையில் மோதி, கழுத்தில் பலத்த காயம். கொஞ்ச நேரம் அவரால் கைகால் அசைக்க முடியவில்லை. ஜெயிக்க வேண்டியவர் ஆஸ்டின் என்பதால், ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தி நேரம் கடத்தினார். பிறகு ஆஸ்டின் தவழ்ந்து வந்து, பலமே இல்லாமல் அவரை உருட்டிப் பிடித்து ஆட்டத்தை முடித்தார். அந்தக் காட்சியைப் பையனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.