விளக்கு வெறும் விளக்கா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில் வரும் பச்சை விளக்கு அமெரிக்கக் கனவு (உழைத்தால் யாரும் உயரலாம் என்ற நம்பிக்கை), ‘மோபி டிக்’கில் வரும் வெள்ளைத் திமிங்கிலம் தீமை அல்லது கடவுள் என்று நோட்ஸில் போட்டிருக்கிறது. எழுத்தாளர்கள் இதையெல்லாம் யோசித்தா எழுதினார்கள்? விளக்கு வெறும் விளக்காக இருக்கக் கூடாதா? பேராசிரியர்கள் கிளப்பிவிட்ட சமாச்சாரமோ என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: விளக்கு வெறும் விளக்குதான். நான் சொல்லவில்லை, அந்த நாவலே சொல்கிறது. உங்கள் நோட்ஸை எழுதியவர் முதல் அத்தியாயத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு நடுவே இருப்பதைத் தாண்டிப் போய்விட்டார் என்று சந்தேகிக்கிறேன்.

முதல் அத்தியாயத்தின் முடிவில் கேட்ஸ்பி இருட்டில் தனியாக நின்று கடலை நோக்கிக் கைகளை நீட்டுகிறான். உடம்பு நடுங்குகிறது. கதைசொல்லி நிக் அந்தப் பக்கம் பார்த்தால், தொலைவில் ஒரே ஒரு பச்சை விளக்கு. எதிர்க்கரையில் டெய்சி வீட்டுப் படகுத்துறையின் முனையில் எரிவது அது. 1917இல் லூயிவில் நகரில் அவளைக் காதலித்துவிட்டு ராணுவத்துக்குப் போனவன் கேட்ஸ்பி. கதை நடக்கும் 1922இல் அவள் இன்னொருவன் மனைவி. அவளுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த மாளிகையை வாங்கியிருக்கிறான்.

இப்போது ஐந்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். டெய்சி அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள், பக்கத்தில் நிற்கிறாள். மூடுபனி மட்டும் இல்லையென்றால் உன் வீடு இங்கிருந்தே தெரியும், உங்கள் படகுத்துறையில் ராத்திரி முழுக்க ஒரு பச்சை விளக்கு எரியுமே என்கிறான். அவள் அவன் கையோடு கை கோத்துக்கொள்கிறாள். ஆசைப்பட்டது கிடைத்த நொடி! ஆனால் நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்ட் அங்கே கொண்டாடவில்லை. அந்த விளக்குக்கு இருந்த பிரம்மாண்டமான அர்த்தம் அத்தோடு போயிற்று என்று கேட்ஸ்பிக்கே உறைத்திருக்கலாம், இனி அது ஒரு படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கு, அவனிடம் இருந்த மாயப் பொருள்களில் ஒன்று குறைந்தது என்று நிக்கை நினைக்க வைக்கிறார்.

நோட்ஸில் இல்லாத விஷயம் இதுதான். அந்த விளக்குக்கு அர்த்தம் ஏற்றியவன் கேட்ஸ்பி. எட்டாத தூரத்தில் இருந்தவரை அது என்னவாகவும் இருக்க முடிந்தது. அவள் அருகில் வந்ததும் மின்சார பல்பாகிவிட்டது. குறியீடு பிறப்பதையும் சாவதையும் நம் கண்ணெதிரே காட்டுகிற நாவலுக்குப் ‘பச்சை விளக்கு = அமெரிக்கக் கனவு’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவது அநியாயம்.

விளக்கு அணைந்தாலும் அவன் ஆசை அடங்கவில்லை, அதுதான் வேடிக்கை. டெய்சி வந்தால் போதும் என்றிருந்தவன் அடுத்த அத்தியாயத்தில் கடந்த காலமே திரும்பி வர வேண்டும் என்கிறான். கணவனைப் பார்த்து “உன்னை நான் காதலித்ததே இல்லை” என்று அவள் சொல்லியாக வேண்டும், ஐந்து வருஷம் அழிய வேண்டும். பிளாசா ஓட்டல் அறையில் அவளை அப்படிச் சொல்லவும் வைக்கிறான். அவளோ அடுத்த நிமிஷமே உடைந்து போய், ஒரு காலத்தில் அவரையும் காதலித்தேன், உங்களையும் காதலித்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அந்த ‘உங்களையும்’ என்பதில் இருக்கும் ‘உம்’மைக் கேட்ஸ்பியால் தாங்க முடியவில்லை. சராசரி மனிதன் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தியிருப்பான்!

அப்புறம் திமிங்கிலம். 1851இல் வந்த மெல்வில்லின் நாவலில் உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவன் கேட்டுவிட்டான். திமிங்கில வேட்டைக் கப்பலின் முதல் துணை அதிகாரி ஸ்டார்பக். காலைப் பறித்த திமிங்கிலத்தைப் பழிவாங்கக் கப்பலையே திருப்பும் கேப்டன் ஆகாபிடம், அது வாயில்லாப் பிராணி, குருட்டு உணர்ச்சியில் கடித்தது, அதன் மேல் வஞ்சம் வைப்பது பைத்தியக்காரத்தனம் என்கிறான். உங்கள் பழிக்கு எத்தனை பீப்பாய் எண்ணெய் கிடைக்கும், நாந்துக்கெட் துறைமுகச் சந்தையில் அது என்ன விலை போகும் என்றும் கேட்கிறான். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அட்டை முகமூடி, அதைக் குத்திக் கிழித்துப் பின்னால் இருப்பதைப் பிடிக்க வேண்டும் என்பது ஆகாபின் பதில். பின்னால் ஒன்றுமே இல்லையோ என்று சில சமயம் தோன்றுவதாகவும் அவனே சொல்கிறான். அப்படித் தோன்றியும் விடுவதாயில்லை. ஆக, அந்தக் கப்பலில் முதல் நோட்ஸ் ஆசிரியர் ஆகாப்தான். திமிங்கிலத்துக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டவன் அவன். அதனால் மூழ்கியது ஒரு கப்பல். சரியாகப் பேசிய ஸ்டார்பக்கும் சேர்ந்தே மூழ்கினான்.

99ஆம் அத்தியாயத்தை அவசியம் படியுங்கள். திமிங்கிலத்தை முதலில் பார்ப்பவனுக்குப் பரிசு என்று ஆகாப் பாய்மரத்தில் ஆணியடித்து வைத்த ஈக்வடார் நாட்டுப் பொற்காசு. அதில் மூன்று மலை உச்சிகள்: ஒன்றில் நெருப்பு, ஒன்றில் கோபுரம், ஒன்றில் கூவும் சேவல். கப்பலில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைப் பார்க்கிறார்கள். கோபுரமும் ஆகாப், எரிமலையும் ஆகாப், சேவலும் ஆகாப் என்கிறான் கேப்டன். ஸ்டார்பக்குக்கு மூன்று உச்சியும் திரித்துவம், அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி. இரண்டாம் துணை அதிகாரி ஸ்டப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து ராசி பார்க்கிறான். மூன்றாம் துணை அதிகாரி ஃபிளாஸ்க்கோ பதினாறு டாலர், இரண்டு சென்ட் சுருட்டு 960 வாங்கலாம் என்கிறான். (கணக்கு தப்பு, 800தான் வரும். ஆசை கணக்கையும் கெடுக்கும் போலிருக்கிறது.) கடைசியில் புத்தி பேதலித்த சிறுவன் பிப் வந்து, நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான், நாம் பார்க்கிறோம் என்று இலக்கணப் பாடம் ஒப்பிக்கிறான். குறியீட்டு விமர்சனம் முழுவதையும் கேலி செய்ய இதைவிட நல்ல பக்கம் நான் படித்ததில்லை. அதே சமயம் சுருட்டுக் கணக்குப் போட்டவனைப் புத்திசாலி என்றும் மெல்வில் சொல்லவில்லை. வெறும் காசாகப் பார்ப்பதும் ஒரு பார்வைதான், அதற்கும் ஓர் ஆசை இருக்கிறது. ‘வெறும் விளக்கு’ என்று சொல்லிக் கைகழுவ நினைக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ பற்றி ஒரு வரி போதும். கள்ள உறவுக்குத் தண்டனையாக ஹெஸ்டரின் மார்பில் அவமானச் சின்னமாக ஊர் சுமத்திய ‘ஏ’ (‘அடல்டரி’யின் முதல் எழுத்து) எழுத்தை, சில வருஷம் கழித்து அதே ஊர்க்காரர்களில் பலர் ‘ஏபிள்’, அதாவது திறமைசாலி, என்று படிக்கிறார்கள். அர்த்தத்தை மாற்றியது பேராசிரியர் இல்லை, ஊர்.

சரி, யோசித்து எழுதினார்களா? ஃபிட்ஸ்ஜெரால்ட் நன்றாகவே யோசித்தார். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் தீவை முதலில் கண்ட டச்சு மாலுமிகளின் வியப்பையும் பச்சை விளக்கைக் கண்ட கேட்ஸ்பியின் வியப்பையும் இணைக்கும் கடைசிப் பக்கத்தில் வரும் அந்த மாலுமிகள் பற்றிய பத்தி, கையெழுத்துப் பிரதியில் முதல் அத்தியாயத்தின் முடிவில் இருந்தது. பிறகுதான் இடம் மாறியது. 1925இல் புத்தகம் அச்சில் இருக்கும்போது, அமெரிக்கக் கொடியின் மூன்று நிறங்களைத் தலைப்பாக வைக்க முடியுமா என்று பதிப்பாசிரியருக்குத் தந்தி அடித்தார். நேரமாகிவிட்டது. ஆகவே அமெரிக்காவை உள்ளே இழுத்ததற்காக உங்கள் நோட்ஸைத் திட்டமாட்டேன். ஆனால் டாலர் நோட்டு பச்சை, அதனால் விளக்கு பணம் என்று ஒருவர் எழுதினால் அது அவர் சொந்தச் சரக்கு.

மெல்வில் விஷயம் இன்னும் சுவையானது. நாவலுக்குள்ளேயே கதைசொல்லி இஷ்மயேலின் வாயிலாக, கரையில் இருப்பவர்கள் இந்தத் திமிங்கிலத்தை உருவகக் கதை என்று நினைத்துவிடக் கூடாது, அது சகிக்க முடியாதது என்று எரிச்சல்படுகிறார். 1852 ஜனவரியில் ஹாதார்னின் மனைவி சோஃபியாவுக்கு எழுதிய கடிதத்திலோ, எழுதும்போது இப்படியொரு உருவக அர்த்தம் கொள்ள இடமிருக்கிறது என்று மங்கலாகத் தோன்றியது உண்மைதான் என்கிறார்.

ஹெமிங்வே ஒரே போடாகப் போட்டார். ‘கிழவனும் கடலும்’ வெளியான 1952இலேயே கலை விமர்சகர் பெரன்சனுக்கு எழுதிய கடிதத்தில், இதில் குறியீடே இல்லை, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான், சுறா சுறாதான் என்றார். அதே நாவலில், தான் பிடித்த மீனைத் தின்ன வரும் சுறாக்களைக் கண்டதும் கிழவன் ஒரு சத்தம் போடுகிறான். கைகளைத் துளைத்து ஆணி மரத்தில் இறங்கும்போது ஒருவன் தன்னையறியாமல் எழுப்பும் சத்தம் போல என்று, சிலுவையில் அறையப்பட்ட இயேசு நினைவுக்கு வரும்படி, அதை வர்ணித்ததும் இவரேதான். கடிதமா நாவலா என்று கேட்டால், நான் நாவலைத்தான் நம்புவேன்.