சயனைடு மேட்டு மண்ணைச் சாலைக்குப் போடலாமா?

கேள்வி: கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டைக்கு வெளியே சில குடும்பங்கள் சேர்ந்து மனை வாங்கியிருக்கிறோம். வழி பள்ளமாக இருக்கிறது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண்ணை டிப்பரில் கொண்டுவந்து நிரவித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கிராவலைவிட விலை குறைவு. லேப் ரிப்போர்ட்டும் காட்டினார். போடலாமா?

பதில்: வேண்டாம். அது அவர் விற்கக்கூடிய மண்ணே அல்ல. அந்த மேடுகள் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனத்துடையவை. லாரி பிடிபட்டால் டிரைவரோடு உங்களையும் விசாரிப்பார்கள்.

பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சியதுதான் அந்த மண். சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெருமளவு சிதைந்துவிடும். என் கவலை ஆர்செனிக். தங்கப் பாறையோடு வரும் அது எத்தனை வருடமானாலும் சிதையாது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. உங்கள் போர்வெல் அந்த வழியிலிருந்து எத்தனை அடி?

ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்து உருண்டை பிடித்துக் காயவையுங்கள். தட்டினால் பொலபொலவென்று உதிரும். களிப்பிடிப்பே இல்லை. மேட்டுச் சரிவில் மழை அரித்த ஓடைகளைப் பார்த்திருப்பீர்களே, உங்கள் சாலையும் அப்படித்தான் ஆகும்.

அப்புறம் அந்த ரிப்போர்ட். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லேப் சோதித்தது அவர் கொடுத்த ஒரு பையை. அந்தப் பை எந்த மேட்டிலிருந்து போனது என்று லேபுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ‘மாதிரி வாடிக்கையாளர் அளித்தது’ என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறன் அளவு), அடர்த்தி இரண்டு மட்டும் இருந்தால், பாரம் தாங்குமா என்பதற்குத்தான் அது பதில். தண்ணீரில் என்ன கரையும் என்று அதில் ஒரு வரி இருக்காது. மண் விற்க வந்தவரும் அதைச் சொல்லமாட்டார்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. சுரங்கம் தோண்டும்போது வெளியே கொட்டிய பாறைத் துண்டு, அதாவது ஆலைக்குள் போகாத, சயனைடு படாத கல். அதை உடைத்துச் சாலைக்கு அடியில் போடலாம். ஆனால் அதுவும் எழுத்து மூலமான அனுமதியோடு, தண்ணீரில் என்ன கரைகிறது என்று பார்க்கும் கரைவுச் சோதனை முடித்து, உங்கள் கண்முன் எடுத்த மாதிரியில். கல்லில் மஞ்சளாக மினுக்கும் பொடியோ துருக்கறையோ தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள், அது மழையில் அமிலம் கக்கும். கல்லோடு அந்த மாவு மண்ணும் கலந்து வந்தால் லோடையே திருப்பி அனுப்புங்கள். ‘கல்தான் சார்’ என்று சொல்லி மேலே கல், கீழே மண் என்று ஏற்றி வருவார்கள்.

சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரி 28-ல். அந்த 13 மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024-ல்! இடையில் இருபது வருடத்துக்கு மேல் புழுதியைத் தின்றது ஊர்க்காரர்கள். கோப்புகளுக்கு இருமல் வராதே.

கனிமத் துறை பர்மிட்டோடு வரும் கிராவலையே வாங்குங்கள். ஏற்கெனவே ஒரு லோடு இறங்கியிருந்தால் அதை நிரவாதீர்கள். நனைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, திருப்பி எடுத்துப்போகச் சொல்லுங்கள். அதுவரை பிள்ளைகளை அதில் ஏறி விளையாட விடவேண்டாம்.