கம்ப்யூட்டருக்கு ஆறு ஃபேன் வேண்டாம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறோம். பக்கத்து அறையில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டரில் என் மகன் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறான். சித்திரை பிறந்ததிலிருந்து மதியம் 2 மணிக்கு மேல் ப்ராசஸர் சூடு 97 டிகிரிக்குப் போய்விடுகிறது, ஃபைல் நகர மாட்டேன் என்கிறது. பெட்டியில் பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன்தான் உள்ளது. கடையில் ஆறு ஆர்ஜிபி (கலர் விளக்கு எரியும்) ஃபேன் போடச் சொல்கிறார்கள், 4,500 ரூபாய் ஆகுமாம். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் எனப்படும் சின்ன அளவுப் பெட்டிக்கு 120 மி.மீ. ஃபேன் மூன்று போதும். பின்னால் ஒன்று ஏற்கெனவே இருப்பதால் நீங்கள் வாங்க வேண்டியது இரண்டே இரண்டு, அதுவும் விளக்கு இல்லாத சாதா ஃபேன். அந்தத் தொகையில் பாதிகூட ஆகாது.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு கதவு ஜன்னலைச் சாத்தினால் புகை போகாது. உங்கள் பெட்டியும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. பின்னால் உள்ள ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே வர முறையான வழி இல்லாததால், இடுக்கு, ஸ்க்ரூ ஓட்டை, யுஎஸ்பி சந்து என்று கிடைத்த வழியிலெல்லாம் காற்று நுழைகிறது. தறிப் பஞ்சும் கூடவே வருகிறது. சாதாரண வீட்டில் இதனால் தூசி சேரும், அவ்வளவுதான். தறி ஓடும் வீட்டில் மூன்றே மாதத்தில், ப்ராசஸர் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்க் அடைத்துவிடும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளை ஏற்றி, மதியம் வழக்கமான டிசைன் வேலையை 20 நிமிடம் ஓட்டி, ப்ராசஸர் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையை இன்னொரு 20 நிமிடம் ஓட்டுங்கள். சூடு 8, 10 டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் கோளாறு, ஃபேன் வாங்கலாம். இறங்கவே இல்லை என்றால் ஆறு அல்ல, பத்து ஃபேன் போட்டாலும் பயனில்லை. கோளாறு ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்கில் இருக்கிறது.

அதை எப்படிப் பார்ப்பது? கம்ப்யூட்டரை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்க் மேலுள்ள சின்ன ஃபேனை மட்டும் கழற்றுங்கள். கழற்றாமல் மேலிருந்து பார்த்தால் சுத்தமாக இருப்பது போலத்தான் தெரியும். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில்தான் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருக்கும். நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் வட்டமாக, அடை மாதிரி உரிந்து வரும். இன்டெல் ப்ராசஸரோடு சேர்ந்து வரும் ஹீட்சிங்க் என்றால் அதன் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். ஒரு கால் மதர்போர்டிலிருந்து (உள்ளே இருக்கும் பெரிய சர்க்யூட் பலகை) விட்டிருந்தாலும் சூடு 100-ஐத் தொடும். ஹீட்சிங்கைத் தூக்க நேர்ந்தால் ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள்.

இனி ஃபேன் மாட்டும் விதம். முன்பக்கம் இரண்டும் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கம் இருப்பது வெளியே தள்ள வேண்டும். உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு. மிச்சக் காற்று இடுக்குகள் வழியாக வெளியே கசியும், அதனால் அந்த இடுக்குகளில் பஞ்சு நுழையாது. முன்னால் நைலான் டஸ்ட் ஃபில்டர் இருந்தால்தான் இதற்குப் பலன். ஃபில்டர் காற்றைத் தடுக்கும் என்பதால், ஃபேன் வரும் அட்டைப்பெட்டியில் 'ஸ்டாடிக் பிரஷர்' (தடையை மீறிக் காற்றைத் தள்ளும் அழுத்தம்) என்ற இடத்தில் 1.5 mmH2O-க்கு மேல் எண் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபில்டருக்குப் பதில் வேட்டித் துணியைக் கட்டிவிடாதீர்கள், அது காற்றையே நிறுத்திவிடும்.

பெட்டியின் மேல்பக்கம் இரண்டு ஃபேனுக்கு இடம் இருக்கும். காலியாக விடுங்கள். முன்பக்கம் ஒட்டிய மேல் ஓட்டையில் ஃபேன் போட்டால், முன்னால் நுழையும் புதுக்காற்று ப்ராசஸரை எட்டும் முன்பே மேலே ஓடிவிடும். அந்த ஓட்டையை ஒரு அட்டை வெட்டி உள்ளிருந்து ஒட்டி அடைப்பதே நல்லது.

எந்தப் பக்கம் காற்று போகிறது என்பதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். ஃபேனில் ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் கைகள் குறுக்கே ஓடும். திறந்த பக்கம் காற்று நுழையும், கைகள் உள்ள பக்கம் வெளியேறும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரிவர்ஸ் ஃபேன் என்று ஒன்று விற்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு அழகாகத் தெரிய, இறக்கைகளைத் திருப்பி வார்த்திருப்பார்கள். அதில் கைகள் உள்ள பக்கம் காற்று நுழையும், திறந்த பக்கம் வெளியேறும். அதாவது மேலே சொன்ன அடையாளம் அப்படியே தலைகீழ். அட்டையில் 'ரிவர்ஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும், அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டால் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது கஷ்டம். ஃபேனின் ஓரத்தில் அம்புக்குறி இருந்தால் அதை நம்பலாம். இல்லையென்றால் ஓடவிட்டு ஊதுபத்தியைக் கிட்டே பிடியுங்கள், புகை உள்ளே இழுபடுகிறதா தள்ளப்படுகிறதா என்று தெரிந்துவிடும். சாதா ஃபேனோடு ரிவர்ஸ் ஃபேனைக் கலந்து, பார்வைக்கு ஒரே மாதிரி மாட்டிவிட்டால், ஒன்று தள்ளுவதை இன்னொன்று இழுத்துக்கொண்டு வீணாகச் சுற்றும்.

வயரை மதர்போர்டில் சிஹெச்ஏ ஃபேன் (CHA_FAN) அல்லது சிஸ் ஃபேன் (SYS_FAN) என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஃபேன் வேகக் கட்டுப்பாட்டை, மூன்று முனை ஃபேன் என்றால் டிசி (DC), நான்கு முனை என்றால் பிடபிள்யூஎம் (PWM) என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மூன்று முனை ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் இரையும். ப்ராசஸர் சூடு 50 டிகிரி வரை ஃபேன் வேகம் 40 சதவீதம், 70-க்கு 70 சதவீதம், 80-க்கு மேல் முழு வேகம் என்று வைத்தால் போதும்.

ஆறு ஃபேன் செட்டில் உங்களுக்குச் சொல்லாமல் விடும் விஷயம் இதுதான்: பெரும்பாலும் அதோடு தரும் மலிவான ஹப் (எல்லா ஃபேன் வயரையும் சேர்க்கும் சின்ன பலகை), எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளையின் மோலெக்ஸ் வயரில் நேராக மாட்டப்படுகிறது. மதர்போர்டிலிருந்து வேகத்தைக் கட்டுப்படுத்த வழியே இல்லை, ஒன்று கெட்டால் தனியாக மாற்றவும் முடியாது. 'பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்' என்பார்கள். பில் இல்லாத ஃபேனுக்கு வாரண்டி கிடையாது, மிச்சப்படுத்தியது ஒரே கோடையில் போய்விடும். பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று கடைக்காரர் ஒட்டும் ஸ்டிக்கரையும் நம்பாதீர்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் அதைத் தயாரித்த கம்பெனிதான் வாரண்டி தருகிறது, கடை ஸ்டிக்கர் அல்ல. தூசி துடைக்கக்கூட மக்கள் பயப்படும்படி செய்துவைத்திருப்பது பெரிய அநியாயம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து மூடிய பெட்டிகளைச் சேலம் வெயிலுக்கு விற்பது அதைவிட மோசம். உங்கள் பெட்டியும் அப்படி என்றால் முன் தகட்டைக் கழற்றிவிட்டு மேலே சொன்ன சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். நன்றாக இறங்கினால் முதலில் மாற்ற வேண்டியது பெட்டியை.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அறை 39 டிகிரி என்றால் எந்த ஃபேனாலும் பெட்டிக்குள் அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. ஏற்காட்டில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. நீங்கள் பெட்டியைக் கம்ப்யூட்டர் டேபிளின் அடைப்பு அறையிலிருந்து வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, தரையிலிருந்து ஒரு ஸ்டூல் உயரத்தில் வையுங்கள். பஞ்சு தரையோடுதான் உருளும்.

முன் ஃபில்டரை வாரம் ஒருமுறை தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். உள்ளே சுத்தம் செய்ய பஞ்சர் கடை கம்ப்ரஸரிடம் கொண்டுபோகாதீர்கள், அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். கையடக்க ப்ளோயர் போதும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெட்டுவிடும், அடுத்த வாரமே கரகரவென்று சத்தம் வரும்.