சேலத்தில் வீட்டு நீச்சல் குளம்: ஐந்தடி தோண்டும் முன் பாறையைப் பாருங்கள்

கேள்வி: சேலத்தில் வீட்டின் பின்பக்கம் சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்ட நினைக்கிறோம். கான்ட்ராக்டர் ஐந்தடி ஆழம் தோண்டலாம் என்கிறார். கட்டியவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்களேன். ஏற்காட்டிலும் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அங்கே கட்டலாமா?

பதில்:

ஐந்தடி என்று கான்ட்ராக்டர் சொல்வது இருக்கட்டும், உங்கள் தரை என்ன சொல்கிறது? எங்களுக்கும் ஐந்தரை அடி என்றுதான் படம் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டரை அடியிலேயே பாறை வந்துவிட்டது.

எங்கள் வீடு கண்ணங்குறிச்சிப் பக்கம், மலையடிவாரத்தை ஒட்டி. வீட்டுக்காரருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வருஷக்கணக்காகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நீச்சல் அடித்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். கிணற்றில் குதித்து வளர்ந்த மனுஷன்தான், ஆனால் குதிக்க இப்போது தண்ணீருள்ள கிணறு எங்கே இருக்கிறது? பின்பக்கம் ஒரு மல்கோவா மரம் போக இடம் காலியாகத்தான் கிடந்தது. 24 அடி நீளம், 12 அடி அகலம் என்று முடிவு செய்தோம்.

எந்த இடத்தில் என்பதை என் மாமியார் முடிவு செய்தார். தண்ணீர் நின்றால் ஈசானிய மூலையில்தான் நிற்க வேண்டும், வேறு பேச்சே கிடையாது. அந்த வடகிழக்கு மூலையில்தான் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவர் ஒட்டி ஓடுகிறது. அப்போது அது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

ஜேசிபி வந்து அரை நாளில் மேல் மண்ணை வழித்துவிட்டது. மதியம் மேஸ்திரி வந்து, "அக்கா, கல்லு வந்துருச்சுங்க" என்றார். உடைத்துவிடலாம், ரெண்டு நாள் வேலை என்றார் கான்ட்ராக்டர். சேலத்தில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கக் கூடாது. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை, அதே மாதிரிக் கெட்டிக் கல்தான் நம் வீடுகளுக்கு அடியிலும் ஓடுகிறது. போர் போடும்போது பாறையைப் பற்றி நூறு கேள்வி கேட்கிற நாங்கள், குளத்துக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

குடியிருப்பு நடுவே வெடி வைக்க முடியாது. பொக்லைனில் பிரேக்கர் மாட்டி உடைக்க ஆரம்பித்தார்கள். வீடே அதிர்ந்தது, பரணில் இருந்த பித்தளைக் குடமெல்லாம் ஆடியது. இரண்டாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சத்தம் போடாமல் என்னைக் கூப்பிட்டு அவர் பக்கச் சுவரைக் காட்டினார். பூச்சில் கோணல்மாணலாக ஒரு விரிசல், கீழிருந்து மேலே வரை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. "பாத்துப் பண்ணுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேலையை நிறுத்தினோம். அந்தச் சுவரைப் பிறகு எங்கள் செலவில் பூசிக் கொடுத்தோம்.

துளை போட்டு உள்ளே ஒரு பவுடரைக் கரைத்து ஊற்றினால் ராத்திரி முழுக்க அது உப்பி, பாறையை அதிர்வில்லாமல் பிளக்கும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மைதான், அப்படி ஒரு முறை இருக்கிறது. ஆனால் மெதுவாக நடக்கும், செலவும் கூடுதல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவர் கட்ட ஆட்கள் நிற்கும் இடமும் சேர்த்துக் குழி 28க்கு 16 அடி. அடிக் கான்கிரீட்டையும் சேர்த்தால் ஆறரை அடி ஆழம் வேண்டும். கிட்டத்தட்ட 29 யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதில் நாங்கள் எடுத்திருந்தது 11 யூனிட் மண்தான், பாக்கி 18 யூனிட்டும் கல். ஒப்பந்தத்தில் "மண் வேலை" என்று ஒரே வரி, பாறை வந்தால் யார் செலவு என்று ஒரு வார்த்தை இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்தோம். முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டிய ஆள். அவர் குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "எதுக்குங்க பாறையோட சண்டை? குளத்தை மேல தூக்கிடுங்க" என்றார்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதுதான். தரைக்குச் சமமாகக் குளம் இருக்க வேண்டும் என்பது படத்தில் பார்த்த ஆசை. பாதி தரைக்குள், பாதி தரைக்கு மேல் என்று கட்டலாம். எங்கள் குளத்தின் உள்தரை மண் மட்டத்திலிருந்து ஒன்றரை அடிதான் கீழே இருக்கிறது. நாலடித் தண்ணீர், அதற்கு மேல் அரையடிச் சுவர். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றடி உயரத் திண்ணை மாதிரி நிற்கும், ஆறு படி ஏறி இறங்க வேண்டும். என் மாமியார் இன்றுவரை அதைத் தொட்டி என்றுதான் சொல்கிறார். சொல்லட்டும். தத்தித் தத்தி நடக்கிற குழந்தை தவறி உள்ளே விழ முடியாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. அப்படியும் படிக்கட்டில் ஒரு கதவு வைத்துப் பூட்டுகிறோம், ஏனென்றால் படி இருக்கிற இடத்தில் மூன்றடிச் சுவருக்கு அர்த்தமில்லை.

மேலே தூக்கினால் கம்பிக் கணக்கு மாறும், இதை விட்டுவிடாதீர்கள். மண்ணுக்குள் புதைந்த சுவரில், குளம் காலியாக இருக்கும்போது வெளி மண் உள்ளே தள்ளும். மேலே நிற்கிற சுவரில் தண்ணீர் வெளியே தள்ளும், தாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் மண் இல்லை. அதனால் சுவரின் இரண்டு முகத்திலும் கம்பி வலை வேண்டும். கான்ட்ராக்டரின் பழைய படத்தில் ஒற்றை வலைதான் இருந்தது. இன்ஜினியர் புதுப்படம் போட்டுக் கொடுத்தார், தரையும் சுவரும் சேர்கிற இடத்தில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர் ஸ்டாப்பர் பட்டையும் வைக்கச் சொன்னார்.

இன்னொன்றும் அவர்தான் கண்டுபிடித்தார். எங்கள் குழியில் மேற்கு ஓரம் பாறை, கிழக்கு ஓரம் செம்மண். அப்படியே கான்கிரீட் போட்டிருந்தால் மண் பக்கம் கொஞ்சம் அமுங்கும், பாறைப் பக்கம் அமுங்காது, நடுவில் தரை விரிந்துவிடும். தண்ணீரின் எடை மட்டும் 32 டன்னுக்கு மேல் வரும், சும்மாவா? கிழக்குப் பக்கம் கெட்டித்தரை வரும்வரை மண்ணை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தைக் கம்பியில்லாத சாதா கான்கிரீட்டால் நிரப்பி, பிறகுதான் மேலே போனோம். முதலில் நாலு மூலையிலும் நடுவிலும் சோதனைக் குழி வெட்டிப் பார்த்திருந்தால் இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

உங்கள் வீடு தாழ்வான இடத்தில், மூக்கனேரி மாதிரி ஏரி ஓரத்தில் இருந்தால் கவலை வேறு. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குளத்தைக் காலி செய்யாதீர்கள். காலிக் குளத்தை அடித்தண்ணீர் படகு மாதிரி மேலே தூக்கப் பார்க்கும். தூக்காவிட்டாலும் தரையைப் பிளந்துவிடும். அந்த அடித்தண்ணீரைக் குளத்துக்குள் விட்டு அழுத்தத்தைக் குறைக்க அடியில் ஒரு வால்வு வைப்பார்கள், வைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒழுகல் கதை. சுவர் முடிந்து க்யூரிங் எல்லாம் ஆனதும், டைல்ஸ் ஒட்டும் முன் ஏழு நாள் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். கான்ட்ராக்டருக்கு அவசரம், மூன்று நாள் போதும் என்றார். நான் விடவில்லை. இரண்டாம் நாளே ஒரு அங்குலம் குறைந்திருந்தது. "சித்திரை வெயில் குடிக்குதுங்க மேடம்" என்றார். வெயில் குடிக்கும்தான், ஆனால் எவ்வளவு குடிக்கும்? இன்ஜினியர் ஒரு வழி சொன்னார். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் அதே தண்ணீரை ஊற்றி, குளத்தின் உள்படியில் கழுத்தளவு முங்கும்படி வையுங்கள். பக்கெட்டுக்குள் ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு. ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே காற்று. இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் வெயில்தான். எங்கள் பக்கெட்டில் கால் அங்குலம் இறங்கியிருந்தது, குளத்தில் ஒரு அங்குலம். அந்த முக்கால் அங்குல வித்தியாசம் 24க்கு 12 அடியில் ஏறக்குறைய 500 லிட்டர். ஒரே நாளில்!

எங்கே ஒழுகுகிறது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. தெற்குச் சுவரில் தண்ணீர் உள்ளே வரும் குழாயைச் சுற்றி வெளிப்பக்கம் ஈரம் வட்டமாகப் பூத்திருந்தது. இதே குளம் முழுக்க மண்ணுக்குள் இருந்திருந்தால் அந்த ஈரம் யார் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்? குழாய் போகும் இடத்தைச் செதுக்கி எடுத்து, திரும்ப அடைத்து, மறுபடி நிரப்பி, மறுபடி பக்கெட். இந்த முறை இரண்டு கோடும் ஒன்றாக இறங்கின. அன்றைக்கு நான் போட்ட காப்பி நன்றாக இருந்ததாக என் வீட்டுக்காரரே சொன்னார், அது அபூர்வம்.

தண்ணீரைப் பற்றி. எங்கள் குளத்துக்கு 32,600 லிட்டர், 12,000 லிட்டர் லாரி மூன்று நடை. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குளத்துக்கு விடலாமா என்று யோசிக்காதீர்கள், தெருவில் நாலு வீடு குடத்தோடு நிற்கும்போது மனசு வராது. போர் தண்ணீர் என்றால் முதலில் சோதனைக்குக் கொடுங்கள். மேக்னசைட் வெள்ளைக்கல் விளைகிற ஊர் இது, பல இடங்களில் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். குழாய் முனையில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதே பூப்பு குளத்தின் தண்ணீர் மட்டத்தில் டைல்ஸ் முழுக்கக் கோடாகப் படியும். அப்படிப்பட்ட தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கால்சியத்தை இன்னும் சேர்த்தது போல ஆகும். நாங்கள் திரவக் குளோரின் ஊற்றுகிறோம், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. பகலில் ஊற்றினால் வெயிலே தின்றுவிடும். பிஎச் 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் என்று சோதனைப் பெட்டியில் பார்த்துக்கொண்டால் போதும். பிஎச் ஏறினால் ஆசிட் விட வேண்டியிருக்கும். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள், விஷவாயு வரும்.

ஓவர்ஃப்ளோ மாடல் வேண்டுமா, ஸ்கிம்மர் மாடலா என்று கேட்பார்கள். ஓவர்ஃப்ளோ பார்க்க அழகு, ஆனால் சுற்றி வாய்க்காலும், வழிகிற தண்ணீரைப் பிடிக்க இன்னொரு தொட்டியும் வேண்டும். இன்னொரு தொட்டி என்றால் இன்னொரு குழி, மறுபடி பாறை. சுவரில் ஒரு வாய் வைத்து மேல் தண்ணீரையும் மிதக்கிற குப்பையையும் இழுக்கிற ஸ்கிம்மர் போதும். மோட்டார் ஆறு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரையும் ஒரு சுற்று வடிகட்ட வேண்டும், அதாவது எங்களுக்கு மணிக்கு 5,500 லிட்டர் சுமார். ஃபில்டரைப் பேக்வாஷ் செய்யும், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு அழுக்கைக் கழுவும் தண்ணீர் எங்கே போகும் என்று படத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மழைநீர்க் குழிக்குள் விட்டுவிடாதீர்கள். கரண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், தண்ணீருக்குள் விளக்கு போட்டால் 12 வோல்ட் மட்டுமே. இந்த இரண்டிலும் பேரம் பேசாதீர்கள்.

அனுமதிக்கு உங்கள் இடம் மாநகராட்சியா பேரூராட்சியா என்று பார்த்து, அந்த அலுவலகத்திலேயே எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றால் நம்பாதீர்கள், பின்னால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஏற்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தோன்றுவது, வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் சூடேற்றாத தண்ணீரில் மார்கழியில் யார் இறங்குவார்கள்? சரிவான இடத்தில் குளத்தின் ஒரு பக்கம் மண்ணே இருக்காது, சில்வர் ஓக் இலை தினமும் ஒரு கூடை விழும், மலைப்பகுதிக்கு அனுமதி விதிகளும் தனி. எங்கள் ஒரே மல்கோவா மரத்தின் இலையைப் பொறுக்கவே காலையில் அரை மணி நேரம் போகிறது. அந்த மரத்தை வெட்டச் சொன்னார்கள், வெட்டவில்லை.

செலவு: 9 லட்சத்துக்குப் பேசினோம், முடிந்தபோது 13. பிரேக்கர் வாடகை, பக்கத்துச் சுவர், புதுக் கம்பி, சாதா கான்கிரீட் எல்லாம் அந்த நாலில் அடக்கம். முதலிலேயே மேலே தூக்கியிருந்தால் 10, 11 லட்சத்தில் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். பணத்தை வேலைக்கு ஏற்ப ஐந்து தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை மட்டும் ஒரு மழைக்காலம் தாண்டித் தருவதாக எழுதிக்கொண்டோம். கான்ட்ராக்டர் முகம் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார். கார்த்திகையில் மேற்கு மூலையில் நாலு டைல்ஸ் உப்பிக்கொண்டு வந்தபோது, கூப்பிட்ட மறுநாளே ஆள் அனுப்பினார். தை பிறந்ததும் வந்து பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்.